ஒரே குடுவையில் ஊர்

கேள்வி: மார்ஷல் தீவுகளில் அமெரிக்கா நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் வந்த புற்றுநோய், சராசரியாகப் பார்த்தால் அங்குள்ள மொத்தப் புற்றுநோயில் 1.6 சதவீதம்தான் என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் கணித்துவிட்டதே, இன்னும் எதற்கு வழக்கு? (வாசகர் ஒருவர், காரைக்குடி)

பதில்: சராசரி! இந்தச் சொல்லோடு எனக்குப் பல வருடச் சண்டை. 'இந்த ஆண்டு சராசரி மழை' என்று அறிவிப்பார்கள். அத்தனையும் மூன்றே நாளில் கொட்டி, கண்மாய்க் கரையை உடைத்துக்கொண்டு போயிருக்கும். கதிர் வரும் நேரத்தில் வயலில் ஈரம் இருக்காது. அந்த விவசாயியிடம் போய்ச் சராசரியைச் சொல்லிப் பாருங்கள். இதே பக்கத்தில் எத்தனை முறை எழுதினாலும் சராசரியைத் தூக்கிக்கொண்டு ஒரு கடிதம் வந்துவிடுகிறது.

சரி, தீவுக்கு வருவோம். உங்கள் 1.6, தொலைவில் தெற்குத் தீவுகளில் இருந்தவர்களையும் சேர்த்து ஏறக்குறைய 25,000 பேருக்குப் போட்ட கணக்கு. 2010இல் வெளியான அதே ஆய்வில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. 1954இல் ரோங்கலாப், ஐலிங்கினே பவளத்தீவுகளில் இருந்த 82 பேரை மட்டும் எடுத்தால், அவர்களுடைய புற்றுநோய்களில் 55 சதவீதம் கதிர்வீச்சால் வருபவை. அதுவும் உறுதியில்லை, 28 முதல் 69 வரை எதுவாகவும் இருக்கலாம் என்கிறார்கள்.

1954 மார்ச் 1 அன்று அதே மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த பிகினி பவளத்தீவில் வெடித்த 'காசில் பிராவோ' என்ற ஹைட்ரஜன் குண்டு 15 மெகாடன், அதாவது ஒன்றரைக் கோடி டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம். கணித்ததைப் போல் இரண்டரை மடங்கு. சில மணி நேரத்தில் ரோங்கலாப்பில் வெள்ளைச் சாம்பல் கொட்டியது. பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். சாம்பல் விழுந்த தொட்டித் தண்ணீரைத்தான் எல்லோரும் குடித்தார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் அவர்களை ஏற்றிப் போனார்கள். அப்புறம் உடலுக்குள் எவ்வளவு கதிரியக்க அயோடின் போனது என்று அறிய, பலருடைய சிறுநீரை ஒன்றாகக் கலந்து சோதித்தார்கள். யார் எவ்வளவு குடித்தார் என்பது அந்தக் குடுவையிலேயே கரைந்துபோனது. அயோடின் போய்ச் சேருவது கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பியில்தான். 1963இலிருந்து தைராய்டுக் கட்டிகள் தெரிய ஆரம்பித்தன. சாம்பலில் விளையாடிய பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வந்தது.

இன்னொன்று. 1957இல் ஊர் திரும்பலாம் என்று அனுப்பினார்கள். குண்டு வெடித்தபோது வெளியூரில் இருந்த ரோங்கலாப்காரர்களும் கூடவே வந்து அதே தேங்காயையும் நண்டையும் சாப்பிட்டார்கள். அவர்களைத்தான் 'பாதிக்கப்படாதவர்கள்' என்று ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள்! நஞ்சைத் தின்றவரையே அளவுகோலாக வைத்தால் நோய் எப்படிக் கூடுதலாகத் தெரியும்?

எலும்பில்லாத சொறிமீன் போலப் பிள்ளை பிறந்தது என்று அந்தப் பெண்கள் சொன்னது உங்கள் 1.6இல் இல்லவே இல்லை. அது புற்றுநோயை மட்டும் எண்ணிய கணக்கு.

வழக்கு எதற்கு என்கிறீர்கள். இழப்பீட்டுத் தீர்ப்பாயம் தொகை தரச்சொல்லித் தீர்ப்பு எழுதியது. அதற்கென்று அமெரிக்கா வைத்த 15 கோடி டாலர் நிதி போதாமல் தீர்ந்துபோனது. முழுத்தொகை கைக்கு வருமுன்பே பலர் இறந்துவிட்டார்கள்.