கேளுங்கள், சொல்கிறோம்: அரூப ஓவியப் பிரதிகள்

கே: வரவேற்பறைக்கு அரூப ஓவியர் கான்டின்ஸ்கியின் 'காம்பொசிஷன் 8' பிரதி, 24-க்கு 36 அங்குலத்தில், பிரேமோடு வாங்கப் போகிறேன். எல்லாக் கடையிலும் 'ஆர்க்கைவல் தரம்' (நெடுநாள் கெடாத தரம்) என்கிறார்கள். எதை வைத்து நம்புவது?
– வாசகி, திருச்சி

ப: அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். மை பிக்மென்ட்டா (நுண்ணிய நிறத்துகள் கொண்டது), டையா (கரைந்த சாயம்) என்று கேளுங்கள். டை மை கடையில் பளிச்சென்று இருக்கும், வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். தாள் அமிலமற்ற முழுப் பருத்தித் தாளாக, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அளவில் இருக்கட்டும். கள்ள நோட்டுப் பார்க்கும் புற ஊதா டார்ச்சைத் தாளின் வெள்ளை ஓரத்தில் அடியுங்கள். பளீர் நீலமாக ஒளிர்ந்தால் வெளுப்பூட்டி கலந்த தாள். அந்த வெண்மை நாளடைவில் மங்கி, தாள் மஞ்சளாகத் தெரியும்.

அளவில் ஒரு சிக்கல். நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் உள்ள மூலம் (1923) சுமார் 140-க்கு 201 செ.மீ. அகலம் 36 அங்குலம் என்றால் உயரம் 25-க்குச் சற்று மேல் வர வேண்டும். 24-இல் அடக்கினால் ஓர் அங்குலத்துக்கு மேல் வெட்டுப்படும். மேல் இடது மூலையை ஒட்டிய கருவட்டம் நெருக்கப்பட்டுவிடும். உருவப்படத்தில் தலை போனால் சண்டைக்கு வருவோம். அரூபத்தில் யார் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம்தான்!

நல்ல பிரதியும் கெடுவது பெரும்பாலும் பிரேமுக்குள்தான். கண்ணாடி தாளில் பட்டால் மழைக்கால ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் மையும் உரியும். நடுவே மவுண்ட் போர்டோ (படத்தைச் சுற்றி வைக்கும் வெட்டிய அட்டை) ஸ்பேசரோ (இடைவெளி விடும் பட்டை) இருந்தே ஆக வேண்டும். மவுண்ட் போர்டும் அமிலமற்றதாக இருக்கட்டும். மலிவு போர்டின் வெட்டு விளிம்பு பழுப்பேறி, அந்தக் கறை தாளிலும் இறங்கும். பின்பலகைக்கு எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம், அதுவும் அமிலம் கசியும். தாளை மேல் விளிம்பில் இரண்டே இடத்தில், ஜப்பானியத் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும் கொண்டு தொங்கவிடச் சொல்லுங்கள். நாலு பக்கமும் ஒட்டினால் ஈரத்தில் விரியும் தாள் அலை அலையாக மடியும். செலோடேப் கூடவே கூடாது.

கே: ஓவியர் எஸ்.எச். ரஸாவின் 'பிந்து' பிரதி இணையத்தில் சல்லிசாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், கோவை

ப: உரிமம் உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இந்தியாவில் ஓவியருக்குப் பின் 60 ஆண்டு காப்புரிமை உண்டு. ரஸா மறைந்தது 2016-இல். 2076 முடியும்வரை செல்லும். சென்னை அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைக் கண்ட கே.சி.எஸ். பணிக்கர் 1977-இல் மறைந்தார், அவர் படங்களுக்கு 2037 வரை. கான்டின்ஸ்கி (மறைவு 1944) விஷயத்தில் அந்தக் கவலை இல்லை.

கே: புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டால் ஜன்னலுக்கு எதிரே மாட்டலாமா?
– வாசகி, நாகர்கோவில்

ப: வேண்டாம். வெறும் வெளிச்சமே நிறத்தைத் தின்னும். அந்தக் கண்ணாடி தாமதப்படுத்தும், அவ்வளவுதான். பெரிய படத்துக்குக் கண்ணாடிக்குப் பதில் எடை குறைந்த அக்ரிலிக் தகடு நல்லது. ஆனால் அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரால் துடைத்தால் அது மங்கி, நுண்விரிசல் விடும்.