சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோ ஜாஸ் விழாவுக்குப் போகிறேன். கலைஞர் பட்டியலில் பாதிப் பேரைத் தெரியவில்லை. யாருடைய கச்சேரியைக் கேட்பது என்று எப்படி முடிவு செய்வது?

சுவரொட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் பெயரைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அவரோடு டிரம்ஸ் வாசிப்பவர் யார், பேஸ் யார், பியானோ யார் என்று தேடுங்கள். சபாவுக்குக் கிளம்பும் ரசிகர் "பாட்டு யார்?" என்று கேட்ட கையோடு "மிருதங்கம் யார்?" என்றும் கேட்பார் இல்லையா, அதே கணக்குத்தான். ஒரு வித்தியாசம்: ஜாஸில் இன்றைக்குப் பின்வரிசையில் இருப்பவர் நாளைக்குத் தன் பெயரிலேயே குழு வைத்துக்கொண்டு வந்து நிற்பார். மோன்த்ரோவின் வரலாறே பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களின் வரலாறு.

நான் மோன்த்ரோவுக்குப் பக்கத்து நகரமான லோசானில் வேலை பார்ப்பவன். ஜூலை வந்தால் அலுவலகம் முடிந்ததும் ரயில் ஏறி மோன்த்ரோ ஏரிக்கரைக்குப் போய்விடுவது வழக்கம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விழா 1967-இல் தொடங்கியது. ஊர்ச் சுற்றுலா அலுவலகத்தில் வேலை பார்த்த க்ளோட் நோப்ஸ், இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, கசினோவில் மூன்று நாள் நடத்தினார். அந்த முதல் ஆண்டின் பெரிய பெயர் சாக்ஸபோன் கலைஞர் சார்ல்ஸ் லாய்ட். அவர் பின்னால் பியானோவில் இருந்த 22 வயதுப் பையன் கீத் ஜாரெட். டிரம்ஸில் ஜாக் டிஜானெட், அவருக்கு 24. அன்றைக்கு டிக்கெட் வாங்கியவர்களில் எத்தனை பேர் இந்த இருவருக்காக வந்திருப்பார்கள்? இன்றைக்கு அந்தக் குழுவின் பதிவுகளை நான் தேடிப்போவது பாதிக்கு மேல் இந்த இருவருக்காகத்தான்.

அடுத்த ஆண்டே டிஜானெட் மறுபடி வந்தார், இந்த முறை பியானோ கலைஞர் பில் எவன்ஸோடு. பேஸ் எடி கோமஸ். அந்த மூவர் கூட்டணி ஆறு மாதம் அளவுக்குத்தான் நீடித்தது. வெகுகாலம் அதற்கு இருந்த ஒரே சாட்சி, 1968 ஜூனில் மோன்த்ரோவில் எடுத்த அந்த ஒரு பதிவு. அட்டையில் பக்கத்திலுள்ள சில்லோன் கோட்டை இருக்கும், கிராமி விருதும் வாங்கியது. எவன்ஸ் என்றாலே தலையைக் குனிந்து மெதுவாக வாசிப்பவர் என்று ஒரு பிம்பம் உண்டு. இதில் கேட்டுப்பாருங்கள், பின்னாலிருந்து டிஜானெட் விடாமல் முடுக்குகிறார், எவன்ஸ் சிலிர்த்துக்கொண்டு வேகம் பிடிக்கிறார். எவன்ஸின் மற்ற மோன்த்ரோ பதிவுகளும் நல்லவைதான், ஆனால் எனக்கு இந்தத் தீப்பொறி அவற்றில் கிடைக்கவில்லை.

இதே டிஜானெட்டும் ஜாரெட்டும் 34 ஆண்டு கழித்து, 2001 ஜூலையில், பேஸ் கலைஞர் கேரி பீகாக்கோடு அதே ஊருக்கு வந்தார்கள். இப்போது பெரிய எழுத்தில் ஜாரெட் பெயர். ஸ்ட்ராவின்ஸ்கி அரங்கில் வாசித்த அந்த இரவு பின்னர் இரட்டைத் தட்டாக வெளிவந்தது. நடுவில் திடீரென்று 1920-களின் ஃபாட்ஸ் வாலர் பாட்டுகளை எடுத்துக்கொண்டு மூவரும் விளையாடுவார்கள். சுலபமாக ரசிக்கக்கூடிய இடம் அது. ஜாஸ் புதிதாகக் கேட்பவர்களுக்கு நான் முதலில் அனுப்புவது இதைத்தான்.

1969-இல் இன்னொரு கூத்து. பியானோ கலைஞர் லெஸ் மெக்கான் தன் மூவர் குழுவோடு வந்திருந்தார், சாக்ஸபோன் எடி ஹாரிஸும் வந்திருந்தார். இரண்டு பேரையும் ஒரே மேடையில் ஏற்றினார்கள். அதோடு ஐரோப்பாவில் குடியேறியிருந்த டிரம்பெட்காரர் பென்னி பெய்லியையும் சேர்த்தார்கள். ஒத்திகை என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. 'கம்பேர்ட் டு வாட்' என்ற, வியட்நாம் போர்க் காலத்துக் கோபம் கொப்பளிக்கும் பாட்டு. மெக்கான் பியானோவில் ஒரே துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசித்து ஏற்றிக்கொண்டே போவார், பாட்டு தொடங்கவே நேரமாகும். நடுவில் பெய்லியின் டிரம்பெட் நுழையும் இடத்தைக் கவனியுங்கள். கூட வாசித்துப் பழகாத ஆள் என்று நம்பவே முடியாது. அந்தப் பாட்டை உலகம் அறிந்தது மெக்கான், ஹாரிஸ் பெயரில். பெய்லியின் பெயர் அட்டையின் சின்ன எழுத்தில்தான்.

சரி, டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸுக்கு வருவோம். 1991 ஜூலை 8. பழைய பாட்டுகளைத் திரும்ப வாசிக்கவே மாட்டேன் என்று பல ஆண்டு பிடிவாதமாக இருந்தவரை, இசையமைப்பாளர் குவின்சி ஜோன்ஸ் ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தார். 1950-களின் கடைசியில் கில் எவன்ஸ் அமைத்துக் கொடுத்த இசையை, ஒரு பெரிய குழுவை வைத்து மறுபடி வாசிப்பது என்று ஏற்பாடு. கில் எவன்ஸ் 1988-இலேயே காலமாகிவிட்டார், ஜோன்ஸ்தான் குழுவை நடத்தினார். மைல்ஸுக்கு 65 வயது, உடம்பு சரியில்லை. ஒத்திகையில் அவருடைய பகுதியை வாசித்துக் கொடுத்தவர் வாலஸ் ரோனி என்ற இளம் டிரம்பெட்காரர். மேடையிலும் ரோனி பக்கத்திலேயே இருக்கட்டும் என்றாகிவிட்டது. கூட ஆல்டோ சாக்ஸபோனில் கென்னி காரெட்.

இந்தக் கச்சேரியின் காணொளியைப் பார்க்கும்போது மைல்ஸை மட்டும் பார்க்காதீர்கள். அவர் ஒரு வரியை எடுத்துப் பாதியில் விட்டால், அது அறுந்துவிடாமல் ரோனி பிடித்துக்கொள்கிறார். மேல் ஸ்தாயிக்குப் போகும் சில இடங்களை மைல்ஸ் அவரிடமே விட்டுவிடுகிறார். ரோனி ஒரு இடத்திலும் தன்னைக் காட்டிக்கொள்ள முயலவில்லை, அதுதான் பெரிய விஷயம். செப்டம்பர் 28-இல் மைல்ஸ் போய்விட்டார். மைல்ஸ் அன்றைக்குச் சுமாராகத்தான் வாசித்தார் என்று சொல்பவர்கள் உண்டு. சொல்லட்டும். ரோனிக்காகவாவது கேட்க வேண்டும்.

விதிவிலக்கும் உண்டு. 1976-இல் பாடகி நினா சிமோன். அங்கே யார் கூட வாசித்தார் என்பதெல்லாம் நினைவிலேயே நிற்காது. மேடைக்கு வந்து குனிந்து வணங்கிவிட்டு, ஒன்றும் பேசாமல் கூட்டத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பார். பாட்டுக்கு நடுவே ஒருவரை 'உட்கார்' என்று அதட்டுவார். அதற்கப்புறம் அரங்கில் யாரும் அசையத் துணிந்திருக்க மாட்டார்கள்.

அதே 1976-இல்தான் ஜாஸையும் நம் இசையையும் கலந்து வாசித்த சக்தி குழுவும் வந்தது. என் விருப்பமான மோன்த்ரோ கச்சேரி எது என்று கேட்டால் இதுதான். அந்தக் குழுவின் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் 1974-இல் இதே விழாவில் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவோடு மின்கிதாரில் காது கிழிய வாசித்தவர். இரண்டு ஆண்டில் அதையெல்லாம் விட்டுவிட்டு, சாதாரண மரக் கிதாரோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். சாதாரணம் என்று சொல்லக் கூடாதுதான்: கமகம் பேச வேண்டும் என்பதற்காக அதன் விரல் பலகையில் மெட்டுக் கட்டைகளுக்கு நடுவே மரத்தைக் குழித்திருந்தார்கள், அதிர்வுக்கென்று குறுக்கே தனித் தந்திகள் வேறு. பக்கத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம்.

விநாயக்ராமைக் கவனியுங்கள். கச்சேரியில் கடம் உப பக்கவாத்தியம், மிருதங்கம் வாசித்து முடித்து வாய்ப்புக் கொடுத்தால்தான் தலை தூக்கும். சக்தியின் முதல் தட்டில் ஆர். ராகவன் மிருதங்கம் வாசித்தார், அதற்கப்புறம் குழுவில் மிருதங்கம் இல்லை. ஆக, தபலாவுக்கு நேர் எதிரே கடம் தனியாக நிற்க வேண்டியதாயிற்று. பானையின் வாயை வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் அவர் எழுப்பும் அடி ஒலியைக் கேட்டால், பேஸ் கிதார் இல்லாத குறையே தெரியாது. 1974, 1976 இரண்டும் மெக்லாஃப்லினின் மோன்த்ரோ தொகுப்பில் இருக்கின்றன, அடுத்தடுத்துக் கேட்டுப்பாருங்கள். பின்னாளில் மறுபடி கூடிய சக்தியில் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் வாசித்தார். 2024-இல் அவர்களுக்குக் கிராமி கிடைத்தது.

பட்டியலில் ராக், பாப் ஆட்கள் நிறைய இருக்கிறார்களே என்று பயப்பட வேண்டாம். 1970-களிலேயே ராக் குழுக்கள் வந்துவிட்டன, இந்தப் புலம்பலும் அப்போதிருந்தே இருக்கும். அந்த இரவுகளின் டிக்கெட் விலையைப் பார்த்தால் எனக்கும் தலை சுற்றும். ஏரிக்கரையில் காசில்லாத மேடைகள் உண்டு, இளம் குழுக்கள் வாசிப்பார்கள், அதற்கு முன்பதிவும் வேண்டாம்.

பெரிய அரங்குக்கு ஒரே ஒரு டிக்கெட்தான் எடுக்க முடியும் என்றால், வெள்ளி சனியை விட்டு வாரநாள் ஒன்றை எடுங்கள். கச்சேரி முடிந்ததும் உடனே கிளம்பாதீர்கள். நள்ளிரவுக்கு மேல், கலைஞர்கள் முன்னேற்பாடில்லாமல் கூடி வாசிக்கும் ஜாம் நடக்கும், சற்று முன் மேடையில் யார் பின்னாலோ வாசித்தவர்கள் சில சமயம் இங்கே இறங்கி வந்து வாசிப்பார்கள். திரும்புகிற ரயில் நேரத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் மோன்த்ரோவில் டாக்ஸிக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாது.