விழுங்கியது நாணயமா, பட்டன் பேட்டரியா?

கேள்வி: என் பேரனுக்கு 14 மாதம். போன வெள்ளிக்கிழமை ராத்திரி எடை பார்க்கும் மெஷினை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தான். அதன் பின்மூடி கழன்று கிடந்தது, உள்ளே இருந்த வட்ட பேட்டரியைக் காணோம். இரண்டு தடவை ஓங்கரித்தான், எச்சில் வழிந்தது, அப்புறம் சரியாகிவிட்டான். வாழைப்பழம் கொடுத்துத் தூங்க வைத்தோம். காலையில் எக்ஸ்ரே எடுத்தால் வயிற்றில் ஒரு ரூபாய் நாணயம்! நாலாம் நாள் தானாக வெளியே வந்துவிட்டது. ராத்திரியே போகவில்லை என்று மருமகளுக்கு என்மேல் இன்னும் கோபம். நான் செய்தது தப்பா டாக்டர்?
- ஒரு பாட்டி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, இதில் நான் உங்கள் மருமகள் பக்கம். விழுங்கியது நாணயமாக இருந்ததால் பிழைத்தோம். பேட்டரியாக இருந்து, அது உணவுக்குழாயில் நின்றிருந்தால், விடிவதற்குள் குழாய் ஓட்டையாகும் அளவுக்கு வெந்திருக்கலாம்.

எடை மெஷின், கார் சாவி, மினுக் மினுக் என்று எரியும் பொம்மை, கார்த்திகைக்கு வாங்கும் பிளாஸ்டிக் அகல்விளக்கு எனப் பலவற்றில் பட்டன் பேட்டரிதான் இருக்கிறது. அதிகம் புழங்குவது 2032 என்று பொறித்த ரகம். 20 என்பது மில்லிமீட்டரில் குறுக்களவு, 32 என்பது 3.2 மில்லிமீட்டர் தடிமன். கிட்டத்தட்ட ஒரு ரூபாய் நாணயம்தான். சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்வதற்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கும்.

பேட்டரி உடைந்து உள்ளே இருக்கும் மருந்து கசிவதுதான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். உடையவே வேண்டாம். ஈரமான சதை இரண்டு பக்கமும் பட்டதும் மின்சாரம் ஓட ஆரம்பிக்கிறது. மைனஸ் பக்கம் ஒட்டியிருக்கும் இடத்தில் காஸ்டிக் சோடா போன்ற காரம் உருவாகிறது. அது சதையைக் கரைத்துக்கொண்டே போகும். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே ஆழமான புண் ஆகிவிடும். கடிகாரத்தை ஓட்டக்கூட வலுவில்லாத பழைய பேட்டரியும் இதைச் செய்யும், அதனால் 'தீர்ந்துபோன பேட்டரிதானே' என்று இருந்துவிட வேண்டாம்.

யாரும் பார்க்காதபோது விழுங்கினால் கண்டுபிடிப்பது கஷ்டம். எச்சில் வழிதல், இருமல், கெட்டியாக எதையும் சாப்பிடாமல் பால் மட்டும் குடிப்பது, இவ்வளவுதான் தெரியும். சளி என்று நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் பேரனைப் போல ஓங்கரித்துவிட்டு விளையாடப் போகும் குழந்தையும் உண்டு. அதனால்தான் 'சரியாகிவிட்டான்' என்பதை நான் கணக்கில் எடுப்பதே இல்லை. பேட்டரியைக் காணோம் என்றால் எக்ஸ்ரே, அவ்வளவுதான். நேராக எடுத்த படத்தில் பேட்டரியின் ஓரம் இரட்டை வளையமாகத் தெரியும், நாணயம் ஒற்றை வளையம்.

வாழைப்பழம், சாத உருண்டை எல்லாம் வேண்டாம். சிக்கியதை அது தள்ளாது. எடுப்பதற்கு மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும் அபாயமும் இருக்கிறது. விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. ஒன்று மட்டும் கொடுக்கலாம்: தேன். குழந்தைக்கு ஒரு வயது தாண்டியிருந்து, விழுங்கி 12 மணி நேரம் ஆகாமல், முழுங்கவும் முடிகிறது என்றால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன், அதிகபட்சம் ஆறு தடவை. தேன் காரத்தின் வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், நிறுத்தாது. தேன் வாங்கக் கடை தேடி அலைய வேண்டாம், வீட்டில் இருந்தால் கையோடு எடுத்துக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறுங்கள். ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடவே கூடாது.

108-ஐ அழைக்கும்போதே 'பேட்டரி' என்ற வார்த்தையைச் சொல்லுங்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் போய் இறங்கியதும் முதல் வார்த்தை அதுவாகவே இருக்கட்டும். உணவுக்குழாயில் இருப்பது தெரிந்தால், குழந்தைக்கு மயக்கம் கொடுத்து உள்நோக்குக் கருவியால் எடுக்க வேண்டும். குழந்தைகள் அறுவை சிகிச்சைத் துறை உள்ள ஜிப்மர் உங்களுக்கு இருபது சொச்சம் கிலோமீட்டர்தான். எடுத்த பிறகும் சில வாரங்கள் கவனம் தேவை. வெந்த இடம் பக்கத்திலுள்ள பெரிய ரத்தக்குழாய் வரை அரித்துவிடலாம். கறுப்பாக மலம் போனாலோ, துளி ரத்தம் வாந்தியில் வந்தாலோ உடனே ஓடி வர வேண்டும்.

நாணயத்துக்கு இந்தப் பதற்றம் இல்லை. வயிற்றுக்குள் இறங்கிவிட்டால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் வெளியே வந்துவிடும். காந்த உருண்டைகள் வேறு கதை: இரண்டு உள்ளே போனால் நடுவில் குடலைக் கவ்விப் பிடித்து ஓட்டை போட்டுவிடும். அதற்கும் அன்றைக்கே போக வேண்டும்.

இதெல்லாம் இருக்கட்டும். அந்த எடை மெஷின் பேட்டரி கிடைத்ததா? உங்கள் கேள்வியில் அது இல்லை. நாணயம் கிடைத்ததும் எல்லோரும் நிம்மதியாகி பேட்டரியை மறந்துவிட்டீர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது. மூக்குத் துவாரத்தில் சொருகிக்கொள்ளும் குழந்தைகளும் உண்டு. ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்துடன் சளி வருகிறதா, பாருங்கள். எக்ஸ்ரே மூக்கிலிருந்து அடிவயிறு வரை எடுத்ததா, வயிறு மட்டுமா என்று படத்தை எடுத்துப் பாருங்கள். வயிறு மட்டும் என்றால் இன்றைக்கே இன்னொரு படம். சோபாவுக்கு அடியில் பேட்டரி கிடைத்துவிட்டால் இரண்டு பக்கமும் செலோடேப் ஒட்டி, பேரன் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்திவிட்டு மருமகளுக்குச் சொல்லிவிடுங்கள்.