நரி முத்திரை: பேபிமெட்டல் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

நான் 1990களில் மெட்டாலிக்கா, அயர்ன் மெய்டன் என்று அதிரடி கிட்டார் இசையான மெட்டல் குழுக்களைக் கேசட்டில் பதிவு செய்து கேட்டு வளர்ந்தவன். கல்லூரியில் ஒரு குழுவில் கிட்டார் வாசித்திருக்கிறேன். என் மகளுக்கு இப்போது பதினான்கு வயது. ஆறு மாதமாக வீட்டில் பேபிமெட்டல் என்ற ஜப்பானியக் குழுதான் ஓடுகிறது. நானும் உட்கார்ந்து இரண்டு மூன்று வீடியோ பார்த்தேன், எல்லாம் பழையவை. பின்னால் வாசிக்கிறவர்கள் அசகாய சூரர்கள். ஆனால் முன்னால் மூன்று சின்னப் பெண்கள் குட்டைப் பாவாடையில் ஆடிக்கொண்டு சாக்லேட் வேண்டும் என்று பாடுகிறார்கள். ஒரு கம்பெனி ரூம் போட்டு யோசித்துத் தயாரித்த சரக்கு இது, மெட்டலே கிடையாது, வெறும் பொம்மலாட்டம் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இப்போது எலெக்ட்ரிக் கிட்டார் வேண்டும் என்கிறாள். நான் சொன்னது தவறா? இந்தக் குழுவைப் பற்றி ஒருமுறை நீங்கள் நல்லவிதமாகக் குறிப்பிட்டிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

எம்., கோவை

அன்புள்ள எம்.,

கம்பெனி தயாரித்தது என்பது சரி. பொம்மலாட்டம் என்பது தவறு. முதலாவதை ஒளிக்காமல் சொல்லிவிட்டால்தான் இரண்டாவதைப் பற்றிப் பேச முடியும்.

அம்யூஸ் என்ற ஜப்பானிய நிறுவனம் 2010இல் சகுரா காகுயின் என்றொரு ஐடல் குழுவைத் தொடங்கியது. சிறு வயதிலேயே பாட்டும் ஆட்டமும் பழக்கி மேடையேற்றப்படுகிறவர்களை அங்கே ஐடல் என்கிறார்கள். அது ஒரு பெரிய தொழில். இந்தக் குழுவைப் பள்ளிக்கூடம் போலவே அமைத்தார்கள். நடுநிலைப் பள்ளி முடிக்கும் வயது வந்ததும் 'பட்டம்' பெற்று வெளியேறிவிட வேண்டும். பள்ளி என்றால் மன்றங்கள் இருக்க வேண்டுமே, அதனால் சமையலுக்கு ஒன்று, இன்னொன்றுக்கு ஒன்று என்று சின்னச் சின்னக் கிளைகள் வைத்தார்கள். ஜப்பானியப் பள்ளிகளில் பிள்ளைகள் கிட்டாரும் டிரம்ஸும் பழகும் மன்றத்துக்கு 'மெல்லிசை மன்றம்' என்று பொருள்படும் பெயர் உண்டு. அதைத் திருப்பிப் போட்டு 'வல்லிசை மன்றம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதுதான் பேபிமெட்டல். யோசனை, கோபாமெட்டல் என்ற பெயரில் அறியப்படும் தயாரிப்பாளருடையது. அவர் தீவிர மெட்டல் ரசிகர்.

2010 நவம்பரில் முதன்முதலாக மேடை ஏறியபோது சூ-மெட்டல் என்ற சுசுகா நகமோட்டோவுக்கு 12 வயது. யுய்மெட்டலுக்கும் மோவாமெட்டலுக்கும் 11. மூவருக்கும் மெட்டல் என்றால் என்னவென்றே தெரியாது. அப்போதெல்லாம் எலும்புக்கூடு உடை போட்ட சிலர் பின்னால் நின்று வாசிப்பதுபோல் பாவனை காட்டுவார்கள். இசை பதிவிலிருந்து வரும். அன்றைக்கு நீங்கள் பொம்மலாட்டம் என்று சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

2012 இறுதியில் எலும்புக்கூடுகள் போய் நிஜ வாத்தியக்காரர்கள் வந்தார்கள். மிகியோ ஃபுஜியோகா, தகயோஷி ஓமுரா, லேதா என்று கிட்டாரில் மாறி மாறி நின்றவர்கள், பேஸ் கிட்டாரில் போ, டிரம்ஸில் ஹிதேகி அவோயாமா. காமி பேண்ட் என்று பெயர். காமி என்றால் கடவுள். வெள்ளை அங்கி, வெள்ளை பூசிய முகம். நீங்கள் அசகாய சூரர்கள் என்று எழுதியிருப்பது இவர்களைத்தான். இவர்கள் வந்த பிறகு அந்தப் பெண்களுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் எனக்கு முக்கியம். முதுகுக்குப் பின்னால் உயிருள்ள டிரம்ஸ் அதிர்கிறபோது பாவனை செய்து தப்பிக்க முடியாது. தாளம் ஒரு மயிரிழை நகர்ந்தால் கூடவே நகர வேண்டும். மாதா மாதம் அப்படி நின்று நின்றே மெட்டலைக் கற்றுக்கொண்டார்கள்.

ஒரு பாட்டை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன். 2013 ஜனவரியில் வெளிவந்த 'இஜிமே, தமே, ஸெட்டை'. இஜிமே என்றால் பள்ளியில் ஒரு பிள்ளையைக் கூட்டம் சேர்ந்து வதைப்பது. ஜப்பானில் அது பெரிய பிரச்சினை. தமே என்றால் கூடாது. ஸெட்டை என்றால் எந்தக் காரணத்துக்காகவும். பாட்டு மெதுவாகத்தான் தொடங்குகிறது. யுய்யும் மோவாவும் மேடையின் இரண்டு ஓரங்களில், ஓட்டப்பந்தயத்துக்கு நிற்பதுபோல் நிற்கிறார்கள். டிரம்ஸ் வெடித்ததும் இருவரும் எதிரெதிராக முழு வேகத்தில் ஓடி, ஒருவரை ஒருவர் கடந்து மறுமுனைக்குப் போகிறார்கள். நடுவில் சூ-மெட்டல் அசையாமல் நிற்கிறார். பிறகு 'தமே' என்ற சொல் வரும்போதெல்லாம் கைகளைக் குறுக்கே மடித்துக் குதிக்கிறார்கள். ஜப்பானில் கையைக் குறுக்கே வைத்தாலே 'கூடாது' என்று அர்த்தம், சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதே சைகைக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறது. எக்ஸ் ஜப்பான் என்ற குழுவின் ரசிகர்கள் ஒரு தலைமுறையாகக் கைகளை எக்ஸ் வடிவில் குறுக்கிக் குதித்துவருகிறார்கள். ஆக அந்த ஒரு குதியில் வகுப்பறையும் ஜப்பானிய மெட்டலின் வரலாறும் சேர்ந்து வந்துவிடுகின்றன. கிட்டார் சோலோ, அதாவது தனி வாசிப்பு, நடக்கும்போது யுய்யும் மோவாவும் அடித்துக்கொள்வதுபோல் ஒரு சண்டை போடுகிறார்கள். முதல்முறை பார்த்தபோது அது எனக்கு விளையாட்டாகத் தெரிந்தது. பாட்டு எதைப் பற்றியது என்று தெரிந்த பிறகு பார்த்தால் தொண்டை அடைக்கிறது.

உங்கள் மகளுக்குப் பதினான்கு வயது என்கிறீர்கள். இந்தப் பாட்டை அவள் எத்தனை தடவை கேட்டிருக்கிறாள் என்று விசாரித்துப் பாருங்கள்.

அடுத்து, மெட்டலும் ஐடல் பாட்டும் எப்படி ஒட்டுகின்றன என்ற விஷயம். நீங்கள் வாசித்தவர் என்பதால் உங்களுக்கு இது உடனே பிடிபடும். கிட்டாரைக் கீழே இறக்கிச் சுருதி சேர்த்து, ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டு, கூடவே இரட்டை பேஸ் டிரம்மும் ஓடினால் கீழ் ஒலிகளின் இடம் முழுக்க அடைந்துபோகிறது. அதன்மேல் ஆண்குரல் உறுமினால் அதுவும் அதே நெரிசலுக்குள்தான் நுழைய வேண்டும். சூ-மெட்டலின் குரல் அங்கே போவதே இல்லை. அது மேலே, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில், அதிர்வோ அலங்காரமோ இல்லாமல் நேர்கோடாகப் போகிறது. அவர் உறுமுவதில்லை, மெட்டல் பாடகிபோல் நடிப்பதுமில்லை. உங்களுக்கு எரிச்சலூட்டிய சாக்லேட் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழே ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு, கல் உடைக்கிறது. யுய்யும் மோவாவும் பாண்டி ஆடுகிற பிள்ளைகள் கட்டம் எண்ணுவதுபோல் அசை அசையாக வெட்டிப் போடுகிறார்கள். அந்த வெட்டு ரிஃப்பின் வெட்டோடு அப்படியே பொருந்துகிறது. பல்லவி வந்ததும் சூ-மெட்டலின் குரல் ஜன்னலைத் திறந்தாற்போல் வருகிறது. இசை எழுதியதில் பங்குள்ளவர் தகேஷி உவேதா, மேட் கேப்சூல் மார்க்கெட்ஸ் குழுவில் இருந்தவர். பாட்டின் பொருளும் நீங்கள் நினைக்கிற மாதிரி வெறும் கொஞ்சல் இல்லை. சாக்லேட் வேண்டும், ஆனால் எடை ஏறிவிடுமோ என்று பயம். பதினான்கு வயதுப் பெண்ணின் மனசில் அது ஒரு நிஜமான போர்தான்.

எல்லாப் பாட்டும் இப்படி என்று சொல்ல மாட்டேன். அப்பாவிடம் கொஞ்சிப் பொருள் வாங்குவது பற்றி ஒரு பாட்டு உண்டு. எனக்கு அது பிடிக்காது, வந்தால் தாண்டிவிடுவேன்.

உங்களுக்குள் இருக்கும் உண்மையான ஆட்சேபம், மெட்டல் என்றால் அது உள்ளிருந்து வர வேண்டும், எவரோ எழுதிக் கொடுத்ததைப் பாடுவது மெட்டல் ஆகாது என்பது. எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. ஆனால் நாம் கேட்டு வளர்ந்த மெட்டலில் எவ்வளவு வேஷம், எவ்வளவு சடங்கு! தோல் உடை, ஆணி பதித்த பட்டை, மேடையில் பூதம், விரல் கொம்பு. அதெல்லாம் உண்மையாகத் தோன்றியதற்குக் காரணம் அவர்கள் அதைச் செய்த தீவிரமும் அதற்குப் பின்னால் இருந்த சாதகமும்தான். ஐடல் மேடையும் அதே தீவிரத்தால் ஆனது. கை எந்த உயரத்தில் நிற்க வேண்டும், எந்த மாத்திரையில் தலை திரும்ப வேண்டும் என்று நாள்கணக்கில் பழகுகிறார்கள். இரண்டுமே ஒழுங்கின் கலைகள். பேபிமெட்டலில் இந்த இரண்டு ஒழுங்கும் ஒன்றையொன்று கேலி செய்யாமல் சேர்ந்து நிற்கின்றன. காமி பேண்ட் ஒருநாளும் பெண்களுக்காகக் குறைத்து வாசித்ததில்லை.

விரல் கொம்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. மெட்டல் ரசிகர்கள் காட்டும் கொம்புக்குறியைக் கோபாமெட்டல் சொல்லிக்கொடுத்தபோது, பெண்கள் அதை நிழல்விளையாட்டில் வரும் நரி என்று எடுத்துக்கொண்டார்கள் என்பது அந்தக் குழுவே சொல்லிவரும் கதை. நடுவிரலையும் மோதிரவிரலையும் கட்டைவிரலோடு சேர்த்து நீட்டினால் நரியின் முகம். ஜப்பானில் நரி, இனாரி தெய்வத்தின் தூதன். இனாரி கோயில் வாசலில் கல் நரிகள் உட்கார்ந்திருக்கும். குழுவின் புராணம் முழுக்க அந்த நரித் தெய்வத்தைச் சுற்றித்தான். குழந்தைகளின் தப்பைத் திருத்தாமல் அதையே முத்திரையாக வைத்துக்கொண்டார்கள் பாருங்கள், அந்த முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அங்கீகாரம் பற்றியும் சொல்ல வேண்டும், சுருக்கமாக. 2014 மார்ச்சில் டோக்கியோவின் புகழ்பெற்ற புடோகான் அரங்கில் இரண்டு இரவு. அப்போது சூவுக்கு 16 வயது, மற்ற இருவருக்கும் 14. அதே ஜூலையில் இங்கிலாந்தின் சோனிஸ்பியர் இசை விழாவில் பெரிய மேடை, பட்டப்பகலில். 2016இல் பழம்பெரும் மெட்டல் குழுவான ஜூடாஸ் பிரீஸ்டின் பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் அமெரிக்காவில் ஒரு விருது விழாவில் இவர்களோடு சேர்ந்து பாடினார். ஹால்ஃபோர்டையே நம்பாவிட்டால் நாம் வேறு யாரை நம்புவது? அந்த ஆண்டு செப்டம்பரில் டோக்கியோ டோம் என்ற பெரிய விளையாட்டரங்கில் இரண்டு இரவுக்குச் சேர்த்து ஏறத்தாழ 1 லட்சத்து 10 ஆயிரம் பேர். ஒரு பாட்டுக்கூட இரண்டு இரவும் வரவில்லை.

இதற்கெல்லாம் விலை இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்கு நான் நேர்மையாக எழுதியதாகாது. பதினொரு வயதில் மேடை ஏறிய குழந்தையின் உடம்பும் மனசும் எவ்வளவுதான் தாங்கும்? 2017 டிசம்பரில் சூ-மெட்டலின் இருபதாவது வயதுக்காக அவரது சொந்த ஊரான ஹிரோஷிமாவில் நடந்த நிகழ்ச்சிக்கு, உடல்நலக் காரணத்தால் யுய் வரவில்லை. பிறகு அவர் திரும்பவே இல்லை. 2018 அக்டோபரில் விலகல் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு தொடக்கத்தில், ஜனவரி 5 அன்று, மிகியோ ஃபுஜியோகா இறந்துபோனார். நட்சத்திரம் பார்க்க ஏறிய பார்வை மேடையிலிருந்து கீழே விழுந்திருந்தார். 36 வயது. சின்னக் கடவுள் என்று ரசிகர்கள் அழைத்தவர். அவர் சோலோ வாசிக்கும் முகத்தைப் பார்த்தால் கடினமான வேலை செய்கிற முகமாகவே இருக்காது, அவ்வளவு சந்தோஷம். பழைய பதிவுகளை இப்போது பார்க்கும்போதெல்லாம் அவர் வருகிற இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்திவிடுகிறேன்.

யாரோ ஆட்டுவிக்கும் பொம்மைகளாக இருந்திருந்தால் அத்தோடு பெட்டியில் போட்டு மூடியிருப்பார்கள். சூவும் மோவாவும் நின்றார்கள். துணைக்கு வெவ்வேறு ஆட்டக்காரர்களோடு 2019இல் உலகம் சுற்றினார்கள். 2021 கடைசியில் ஓர் இடைவெளி எடுத்துக்கொண்டு 2023இல் திரும்பி வந்தார்கள். அந்த ஏப்ரலில் அதே சகுரா காகுயினில் படித்த மோமோகோ ஒகஸாகி மூன்றாவது ஆளாகச் சேர்ந்தார். 2025 ஆகஸ்டில் வந்த ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு 200 ஆல்பம் தரவரிசைப் பட்டியலில் 9ஆம் இடம் பிடித்தது. அதில் டெல்லியின் பிளட்டிவுட் குழுவோடு சேர்ந்து செய்த ஒரு பாட்டு உண்டு. பெயர் 'கொன்! கொன்!', ஜப்பானிய மொழியில் நரி அப்படித்தான் கத்தும். பிளட்டிவுட் மெட்டலோடு டோல் மேளம் அடிக்கிற குழு. அந்த டோலையும் நரிக் கத்தலையும் ஒரே பாட்டில் கேட்டபோது, எம்., எனக்கு எழுந்து நிற்க வேண்டும்போல் இருந்தது.

சரி, கிட்டார் விஷயம். வாங்கிக் கொடுங்கள். விலை கூடியது வேண்டாம், ஆறு தந்தி போதும். ஆனால் சுருதியை இறக்கினால் தந்தி தொளதொளக்கும் என்பதால் கொஞ்சம் தடித்த செட்டாகப் போட்டுவிடுங்கள். வாத்தியார் தேட வேண்டியதில்லை, வீட்டிலேயே இருக்கிறார். முதலில் 'இஜிமே, தமே, ஸெட்டை' பாட்டின் ரிதம் பகுதியை எடுங்கள், வலது உள்ளங்கையால் தந்தியை அமுக்கி, பாதி வேகத்தில். அவள் கேட்டு வளர்ந்தது அது, நீங்கள் கேட்டு வளர்ந்ததும் அதில் இருக்கிறது. பொம்மலாட்டம் என்று சொன்னதற்கு அதற்கு முன்னாலேயே மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

வாசிக்கத் தொடங்கியதும் எழுதுங்கள்.

அன்புடன்