உருளைக்கு ஆய்லர் சூத்திரம் ஏன் பொருந்தவில்லை?

கனசதுரத்துக்கு முகம் 6, உச்சி 8, விளிம்பு 12; 6 + 8 − 12 = 2. உருளைக்கு மட்டும் 3 + 0 − 2 = 1 வருகிறதே, மகள் எண்ணியது தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எண்ணியது சரிதான். பாடநூலில் உள்ள ஆய்லர் சூத்திரம் (முகம் + உச்சி − விளிம்பு = 2) பன்முகிகளுக்கு, அதாவது தட்டையான முகமும் நேரான விளிம்பும் உள்ள, நடுவில் ஓட்டையில்லாத உருவங்களுக்கு. உருளை அந்தக் கணக்கில் வராது.

பல வகுப்புகளில் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ருசியே இதற்குப் பிறகுதான்! லேபிள் சுற்றிய பெருங்காய டப்பா ஒன்றை எடுங்கள். லேபிளின் இரண்டு ஓரமும் ஒட்டியிருக்கும் இடத்தில் மேலிருந்து கீழாக ஸ்கேல் வைத்து ஒரு கோடு போடுங்கள். கோடு ஒரு புது விளிம்பு. அது மேல் வட்டத்தையும் கீழ் வட்டத்தையும் தொடும் புள்ளிகள் இரண்டும் உச்சிகள். இப்போது 3 + 2 − 3 = 2.

வளையல் மாதிரி சுற்றிக்கொண்டிருந்த பக்கமும் உச்சியே இல்லாத இரண்டு வட்ட விளிம்புகளும்தான் கணக்கைக் கெடுத்தன. கோட்டின் வழியே வெட்டிப் பிரித்தால் அந்தப் பக்கம் வெறும் செவ்வகம்: நீளம் 2πr, உயரம் h. வளைபரப்பு 2πrh என்பதும் இதேதான், மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

அடுத்து, 12 ஐங்கோணமும் 20 அறுகோணமும் சேர்த்துத் தைத்த கால்பந்தைக் கொடுத்து உச்சிகளை எண்ணச் சொல்லுங்கள். 60 வர வேண்டும், விளிம்பு 90.