எரிக் கார்ல் பாணியில் ஒட்டினால் நிறம் ஏன் கரைகிறது?

குழந்தைகளுக்கான படப் புத்தகங்கள் செய்த எரிக் கார்ல் மாதிரி, வண்ணம் பூசிய தாளை வெட்டி ஒட்டி மகளோடு கம்பளிப்பூச்சி செய்தீர்கள், பசை பட்டதும் நிறம் கரைந்தது, அவர் எப்படிச் செய்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். போஸ்டர் கலர் பூசியிருப்பீர்கள். அது காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் கரையும். கார்ல் பூசியது அக்ரிலிக்; காய்ந்துவிட்டால் தண்ணீருக்கு அசையாது. அவரே முதலில் கடையில் விற்ற வண்ணத் தாளைத்தான் ஒட்டினார். அது வெளிச்சத்தில் வெளுத்ததால் வெள்ளை டிஷ்யூத் தாளில் தானே பூச ஆரம்பித்தார்.

டிஷ்யூ என்றதும் முகம் துடைப்பதை எடுத்துவிடாதீர்கள். புதுச் செருப்பைச் சுற்றி வருமே, அந்த மெல்லிய தாள். பிளாஸ்டிக் விரிப்பின் மேல் பரப்புங்கள், செய்தித்தாள் ஒட்டிக்கொள்ளும். ஒரு பங்கு அக்ரிலிக், ஏறக்குறைய இரண்டு பங்கு தண்ணீர். முதல் பூச்சு காய்ந்ததும் ஸ்பாஞ்சு, விரல், பழைய கால்மிதித் துண்டு எதையாவது வேறு நிறத்தில் தோய்த்து ஒற்றுங்கள். கார்லும் கம்பளத் துண்டால் ஒற்றியவர்தான். முழுக்கக் காய்ந்த பிறகே உரியுங்கள், ஈரத்தில் தூக்கினால் கிழியும்.

ஒட்டுவதற்கு அவர் சுவர்த்தாள் பசை வைத்திருந்தார். வீட்டில் மைதாப் பசை போதும், மெல்லிசாக. பைண்டிங் கடையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, குழந்தை தொடும் பசையில் கூடவே கூடாது. அட்டை வளைந்தால் பின்பக்கமும் ஒரு தாள் ஒட்டிப் பாரம் வையுங்கள்.

இதெல்லாம் வெறும் கைவேலை என்பவர்கள் இருக்கிறார்கள். 1929இல் அமெரிக்காவின் சிராக்யூஸில் பிறந்து, ஆறு வயதில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்குப் போனவர் கார்ல். நாஜிகள் தடை செய்த நவீன ஓவியங்களை ஓவிய ஆசிரியர் ஒருவர் ரகசியமாகக் காட்டினார். அந்த நிறங்கள் எங்கிருந்து வந்தன என்று இதிலேயே தெரியும்.

தாள் கத்தையில் பஞ்சிங் மெஷினால் விளையாட்டாகப் போட்ட ஓட்டையில் பிறந்ததுதான் 1969இல் வந்த அவருடைய பசிக்காரக் கம்பளிப்பூச்சி (The Very Hungry Caterpillar) புத்தகம். முதலில் கதையில் வந்தது புழு. கம்பளிப்பூச்சியாக்கலாம் என்றவர் பதிப்பாசிரியர் ஆன் பெனடூஸ். ஓட்டையும், ஒன்றைவிட ஒன்று அகலமான பக்கங்களும் கட்டுப்படியாகும் விலையில் அமெரிக்காவில் அச்சாகவில்லை; ஜப்பானில் அச்சடித்தார்கள். கதையில் கம்பளிப்பூச்சி பட்டுக்கூடு கட்டி வண்ணத்துப்பூச்சியாகிறது; வண்ணத்துப்பூச்சி பட்டுக்கூடு கட்டாது என்பது சரியான குறைதான், மறுக்கவில்லை.

என் ஆத்திரம் வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தப் புத்தகத்தின் பிடிஎஃப் மேல். அதில் ஓட்டையும் இல்லை, குட்டைப் பக்கமும் இல்லை. குழந்தை விரலை எங்கே நுழைக்கும்?