எண் வரும் முன்னே பெயர் வந்துவிடும்

கேள்வி: இயங்குதளப் பதிப்புகளுக்குத்தான் எண் இருக்கிறதே, பிறகு எதற்கு விலங்கு, இனிப்பு என்று தனிப் பெயர்? யார் வைக்கிறார்கள்?

வேலை தொடங்கும்போது எண் உறுதியாகியிருக்காது. மண்டபம் கரையில் கட்டிக்கொண்டிருக்கும் படகுக்கும் பதிவு எண் கடைசியில்தான் எழுதுவார்கள். அதுவரை ஆசாரி ஏதாவது பெயர் சொல்லித்தானே கணக்கு வைக்க வேண்டும்?

லினக்ஸ் என்ற இலவச இயங்குதளக் குடும்பத்தைச் சேர்ந்தது உபுண்டு. அதன் எண், அது வெளியாகும் ஆண்டும் மாதமும். 2006 ஏப்ரலில் வரவேண்டிய 6.04 இரண்டு மாதம் தள்ளிப்போய் 6.06 ஆனது. ‘டாப்பர் டிரேக்’ என்ற பெயர் மட்டும் அசையவில்லை. மிடுக்காக உடுத்திய ஆண் வாத்து! ஒரு பெயரடை, ஒரு விலங்கு, இரண்டுக்கும் ஒரே முதலெழுத்து என்பது அவர்கள் வழக்கம்.

இன்னொரு லினக்ஸான டெபியனின் பெயர்களெல்லாம் ‘டாய் ஸ்டோரி’ என்ற பொம்மைப் படத்தின் பாத்திரங்கள். தொடக்க காலத்தில் அதை வழிநடத்திய புரூஸ் பெரன்ஸ் அப்போது அந்தப் படத்தை எடுத்த பிக்சாரில் வேலை பார்த்தவர். எப்போதும் உருவாக்கத்திலேயே இருக்கும் நிலையற்ற பதிப்புக்கு ‘சிட்’ என்று பெயர். படத்தில் பொம்மைகளை உடைக்கும் பையன். இதைவிடப் பொருத்தமாக யாரும் பெயர் வைத்து நான் பார்த்ததில்லை.

மைக்ரோசாப்ட்டில் இது உள்வீட்டுப் பெயர். விண்டோஸ் எக்ஸ்பி உருவானபோது ‘விஸ்லர்’, அது கனடாவின் பனிச்சறுக்கு மலை. அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டா ‘லாங்ஹார்ன்’, அந்த மலையடிவார மதுக்கடை. விற்பனைக்கு வரும்போது இரண்டும் மறைந்துவிட்டன. ஆண்ட்ராய்டோ இனிப்புப் பெயர்களைக் கடைத்தெரு வரை கொண்டுவந்து, 2019இல் 10ஆம் பதிப்போடு வெறும் எண்ணுக்குத் திரும்பியது. உலகெங்கும் அந்தப் பெயர்கள் புரிவதில்லை என்றார்கள். எனக்கு அதில் வருத்தம்தான்.

லினக்ஸில் பெயர் வெறும் அலங்காரமும் அல்ல. ராமநாதபுரத்தில் கணினி பழுதுபார்க்கும் என்னிடம், இந்திய அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் உள்ள அரசு மடிக்கணினிகள் வரும். அதுவும் டெபியன் வழிவந்ததுதான், அதன் 5.0 பதிப்புக்கு ‘அனோகா’ என்று பெயர். இவ்வகைக் கணினிகளில் மென்பொருளை எங்கிருந்து இறக்க வேண்டும் என்று சொல்லும் கோப்பைத் திறந்தால், எண் இருக்க வேண்டிய இடத்தில் பெயர்தான் இருக்கும். வேறு பதிப்பின் பெயரை எழுதினால் பொருந்தாத மென்பொருள்கள் கலந்து கணினி முரண்டு பிடிக்கும். டெபியனில் பெயருக்குப் பதில் ‘ஸ்டேபிள்’, அதாவது அப்போதைய நிலையான பதிப்பு, என்றும் எழுதலாம். ஆனால் புதிய பதிப்பு வெளியான பிறகு வழக்கமான புதுப்பிப்பு என்று நினைத்துத் தொட்டால், கணினி அடுத்த பதிப்புக்கே தாவப் பார்க்கும். கடையில் பில் போடும் கணினி என்றால் அதில் இருக்கும் பதிப்பின் பெயரையே எழுதிவையுங்கள், டெபியன் 12 என்றால் ‘புக்வார்ம்’ என்று.